பத்தாம் நம்பர் ஸ்பேனர்: வள்ளத்து எஞ்சினும் நம் வீட்டு டூல்ஸ் பெட்டியும்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)

 

"வள்ளத்து எஞ்சின் பராமரிப்புக்கு ஏற்ற கைக்கருவி" என்று அறிவிப்புப் பலகையில் போட்டதிலிருந்து படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "நாங்குநேரியில கடல் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. நம்மூரில் பெரிய குளம் உண்டு. வானமாமலைப் பெருமாள் கோயிலில் எண்ணெய்க் கிணறு உண்டு. கடல் கிடையாது. ஆனால் திசையன்விளை வழியாகக் கொஞ்ச நேரம் வண்டியில் போனால் உவரி வந்துவிடும். அந்தக் கரையோரமாகவே போனால் கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், கூட்டப்புளி. இதெல்லாம் நம் மாவட்டத்துக் கடற்கரை. காலையில் நம் வாசலில் கூவி விற்கும் சாளையும் நெத்திலியும் அந்த ஊர் ஆட்கள் விடியும் முன்னே கடலுக்குப் போய்ப் பிடித்து வந்தவை.

இன்னொரு காரணம் உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணிக் கரையில் தெருக்களுக்குள் தண்ணீர் வந்தபோது, மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து ஆட்களை மீட்டார்கள். 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்திலும் அதுதான் நடந்தது. ஆகவே வள்ளத்து எஞ்சின் கடற்கரைக்காரர் சமாச்சாரம் மட்டும் இல்லை. ஒரு மழைக்கால இரவில் அது நம் தெருவுக்கும் வரலாம்.

இந்த எஞ்சின்களோடு பட்டறையில் பல வருஷம் கழித்தவன் என்பதால்தான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார். எஞ்சினைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. அதைத் திறக்கவும் மூடவும் எந்தக் கருவியை எடுப்பது என்பது மட்டும்தான் இன்றைய பேச்சு. கடைசியில் சங்கத்துக்கு ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்.

எஞ்சின் எப்படி இங்கே வந்தது

மீன்வளத் துறைக் காகிதங்களில் இதை "வெளிப்பொருத்தும் இயந்திரம்" என்று எழுதுவார்கள். அவுட்போர்டு மோட்டார் என்பதன் தமிழ். கடற்கரையில் வெறும் "எஞ்சின்"தான். வள்ளத்தின் பின்பலகையில் கவ்வி மாட்டுவது. மேலே எஞ்சின் தலை, நடுவில் நீண்ட கால், அடியில் கியர்ப் பெட்டியும் விசிறியும். இந்த மாதிரி எஞ்சினை வியாபாரமாக்கி ஜெயித்தவர் அமெரிக்காவில் ஓலே எவின்ரூட். 1909 வாக்கில் தொடங்கினார். ஜப்பானில் யமஹா 1960-லும் சுசூகி 1965-லும் தங்கள் முதல் அவுட்போர்டைக் கொண்டுவந்தன.

நம் தென்கடற்கரையில் இது பரவியது 1980-களில். அதுவரை கட்டுமரமும் பாய்மரமும்தான். குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரரான பியர் ஜில்லே முன்னின்று நடத்திய மையத்தில் பிளைவுட் வள்ளம் கட்டினார்கள். எஞ்சின் மாட்ட அது தோதாக இருந்தது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, அதாவது "சிஃப்ஸ்", எஞ்சின் வரவழைத்தது, உதிரிபாகம் விற்றது, கரையோரம் பழுது பார்க்கும் பட்டறைகளும் நடத்தியது. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் வள்ளங்கள் நிறைந்துவிட்டன. எஞ்சின் பெரும்பாலும் யமஹா, சுசூகி.

இந்த வரலாற்றில் நமக்கு வேண்டியது ஒரே விஷயம்: எஞ்சின் ஜப்பான் அளவில் செய்யப்பட்டது. நம் வீட்டு டூல்ஸ் பெட்டியோ வேறு அளவுகளில் சேர்ந்தது. பாதித் தொல்லை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கருவியைத் தேடும் முன் தலையைப் பாருங்கள்

நாம் எல்லாரும் செய்வது என்ன? பெட்டியைத் திறந்து கையில் கிடைத்ததை எடுத்து, "இது பொருந்துதா பாப்போம்" என்று மாட்டிப் பார்ப்போம். கொஞ்சம் லூசாக இருந்தாலும் அழுத்தித் திருப்புவோம். ஒரு திருப்பில் போல்ட் தலையின் மூலை மழுங்கிவிடும். அதற்குப் பிறகு சரியான ஸ்பேனரே கிடைத்தாலும் பிடிக்காது. முறை தலைகீழ். முதலில் போல்ட் தலையைத் துடைத்துப் பாருங்கள். உப்பு, துரு, பெயிண்ட் ஒட்டியிருந்தால் கம்பி பிரஷ் வைத்துத் தேயுங்கள். தலை என்ன வடிவம், என்ன அளவு என்று தெரிந்த பிறகு பெட்டியைத் திறங்கள்.

முதலில் நட்சத்திரத் திருகு, அதாவது பிளஸ் ஸ்க்ரூ. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் 1930-களில் அமெரிக்காவில் வந்த பிலிப்ஸ் வகை வேறு, ஜப்பான் தர அளவில் செய்த பிளஸ் வேறு. பிலிப்ஸ் திருப்புளியின் முனை கூர்மையாக நீண்டிருக்கும். அதை ஜப்பான் திருகில் வைத்தால் முனை அடியில் முட்டிவிடும், நான்கு இறக்கைகளும் பள்ளத்தில் முழுசாக உட்காராது. பலம் கொடுத்ததும் திருப்புளி மேலே ஏறி வழுக்கும். வழுக்கும்போது திருகின் பள்ளத்தையும் தின்றுவிடும். ஜப்பான் வகைத் திருப்புளியின் முனை சற்று மொட்டையாக இருக்கும். அடிவரை இறங்கிப் பிடிக்கும். பல ஜப்பான் திருகுகளின் தலையில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதுதான் அடையாளம்.

இது நம் பார்க்கிங்கில் நிற்கும் பைக்குகளுக்கும் பொருந்தும். எஞ்சின் பக்கமூடியின் திருகு வட்டமாகத் தேய்ந்துபோன பழைய யமஹா, சுசூகி வண்டியைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டார்கள். திருகின் தரத்தைக் குறை சொல்லுவோம். பெரும்பாலும் தப்பு திருப்புளியில்தான்.

நம்பரையும் பாருங்கள். 3 முதல் 5 மில்லிமீட்டர் திருகுக்கு 2-ம் நம்பர் பிளஸ். 6 மில்லிமீட்டர் திருகுக்கு 3-ம் நம்பர். நம் வீடுகளில் இருப்பதெல்லாம் 2-ம் நம்பர். அதை 6 மில்லிமீட்டர் திருகில் வைத்தால் கிணற்றில் விட்ட கரண்டி போல ஆடும். கடையில் சோதிக்க ஒரு வழி உண்டு. திருகைத் திருப்புளி முனையில் பொருத்தி, பக்கவாட்டில் பிடியுங்கள். காந்தம் இல்லாமலே திருகு விழாமல் நின்றால் அதுதான் உங்களுக்கான திருப்புளி.

10, 12, 14, 17

அடுத்தது ஸ்பேனர். ஜப்பான் எஞ்சினில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 10. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 12. 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 14. அதற்கு மேல் 17. ஐரோப்பிய முறையில் 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 13. நம் கடைகளில் கிடைக்கும் இரட்டைமுனை ஸ்பேனரில் ஒரு முனை 12, மறுமுனை 13. அவசரத்தில் 13-ம் முனையை 12 போல்ட்டில் மாட்டிவிட்டால் கதை முடிந்தது. தாத்தா காலத்து அரை அங்குல ஸ்பேனரும் அதே ஆபத்துதான். அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 12-க்கு லூஸ், 13-க்கு ஏறாது.

ஸ்பேனர் வகையிலும் ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆறுமூலை சாக்கெட் அல்லது பாக்ஸ் ஸ்பேனர். அது நுழைய இடம் இல்லை என்றால் ரிங் ஸ்பேனர். அதற்கும் வழியில்லை என்றால்தான் திறந்த வாய் ஸ்பேனர். திறந்த வாய் இரண்டு பக்கம் மட்டுமே பிடிக்கும். ஆறுமூலை சாக்கெட் ஆறு பக்கமும் பிடிக்கும். பன்னிரண்டு மூலை ரிங் வேலைக்குச் சுலபம், ஆனால் உப்பு அரித்த தலையில் மூலையைச் சீவிவிடும். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் தண்ணீர்க் குழாய்க்கு இருக்கட்டும். எஞ்சின் பக்கம் கொண்டுவர வேண்டாம்.

இன்னொன்று. ஸ்பேனரின் நீளம் சும்மா வைத்தது இல்லை. 10-ம் நம்பர் ஸ்பேனர் ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஏனென்றால் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு வேண்டிய முறுக்கு ஏறக்குறைய ஒரு கிலோகிராம்-மீட்டர்தான். பத்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பத்துக் கிலோ பலம் கொடுத்தால் அது வந்துவிடும். ஸ்பேனரில் பைப் சொருகி நீளமாக்கினால் பலம் மூன்று மடங்காகும், போல்ட் முறியும். போல்ட் முறிந்தால் அலுமினிய உடம்புக்குள் மாட்டிக்கொள்ளும். அதை எடுக்க டிரில் போட வேண்டும். பத்து நிமிஷ வேலை இரண்டு நாள் ஆகும். மீனவருக்கு இரண்டு நாள் என்றால் இரண்டு நாள் கூலி.

இறுகிப்போனதைக் கழற்றுவது

கடல் எஞ்சினில் இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் உப்புத் தண்ணீர் போனால் அலுமினியம் அரித்து வெள்ளைத் தூளாகி மரையை இறுக்கிவிடும். இங்கே பலத்தைவிடப் பொறுமைதான் பேசும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் போல்ட் தலையில் சின்னச் சுத்தியலால் நேராகத் தட்டுங்கள். பிறகு முதலில் கொஞ்சம் இறுக்குகிற பக்கமாக அசைத்து, அப்புறம் கழற்றுகிற பக்கம் திருப்புங்கள். அப்படியும் வரவில்லையென்றால் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே போல்ட்டைச் சுற்றியுள்ள உடம்பைச் சூடாக்கினால் பிடி தளரும். ஆனால் பெட்ரோல் டேங்கும் ஹோஸும் பக்கத்தில் இருக்கும்போது இந்த வேலையே கூடாது. அது பட்டறையில், தெரிந்தவர் செய்ய வேண்டியது.

கியர் ஆயில் வடிக்கும் பிளக் பல எஞ்சின்களில் அகலமான ஒற்றைக் கோட்டுத் திருகு. அதற்கு வீட்டு டெஸ்டர் உதவாது. கோட்டின் நீளமும் கனமும் முழுக்க நிறையும் அளவுக்குப் பட்டையான திருப்புளி வேண்டும். அடம்பிடித்தால் கை இம்பேக்ட் டிரைவர். சுத்தியலால் அதன் தலையில் அடித்தால் அந்த அடியே உள்ளே திருப்பாக மாறும். அழுத்தமும் திருப்பும் ஒரே நேரத்தில் கிடைப்பதால் வழுக்காது. திறந்ததும் வடியும் ஆயிலைப் பாருங்கள். பாலாடை நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, சீல் போய்விட்டது. புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாக ஏற்ற வேண்டும். மேல் துளையில் வழியும்போது நிறுத்த வேண்டும். அப்போதுதான் உள்ளே காற்று தங்காது. வாஷரை மாற்றாமல் மூடக் கூடாது.

ஸ்பார்க் பிளக்குக்கு அதற்கென்று உள்ள பாக்ஸ் ஸ்பேனர்தான். பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சின்களில் பெரும்பாலும் 14 மில்லிமீட்டர் மரை பிளக், 21 அளவு ஸ்பேனர். நம் புது பைக்குகளில் பலவற்றுக்கு 16. மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருப்புங்கள். கோணலாக ஏறினால் கை உடனே சொல்லிவிடும், ஸ்பேனர் சொல்லாது. ஃபிளைவீல் கழற்ற அதற்குரிய புல்லர் இல்லாமல் தொடவே வேண்டாம். சுத்தியலால் அடித்தால் காந்தமும் தண்டும் சேர்ந்து கெடும்.

கடலில் கையில் என்ன இருக்க வேண்டும்

கரையில் கருவி இல்லையென்றால் பக்கத்துப் பட்டறையில் கேட்கலாம். கடலில் யாரைக் கேட்பது? எஞ்சின் நின்றால் காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம்தான் வள்ளம். கச்சான் காற்றுக் காலத்தில் அது விளையாட்டு இல்லை. வள்ளத்தில் உள்ள நாலைந்து பேரின் உயிர் அந்தப் பையில் இருக்கிறது.

நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு வழி சொல்கிறேன். ஸ்டார்ட்டர் கயிறு அறுந்துவிட்டால் எஞ்சின் செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல மாடல்களில் மேலே உள்ள ஸ்டார்ட்டர் மூடியை மூன்று போல்ட்கள் பிடித்திருக்கும். பெரும்பாலும் 10-ம் நம்பர் தலை. அதைக் கழற்றினால் ஃபிளைவீல் தெரியும். அதன் விளிம்பில் வெட்டு இருக்கும். தனிக் கயிற்றின் நுனியில் முடிச்சுப் போட்டு, அந்த வெட்டில் மாட்டி, சுற்றி, இழுத்தால் எஞ்சின் எடுக்கும். எஞ்சின் கியரில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் இழுக்க வேண்டும். எடுத்த பிறகு சுழலும் சக்கரத்துக்குப் பக்கத்தில் துணியோ கையோ போகக் கூடாது. ஒரு 10-ம் நம்பர் ஸ்பேனரும் ஒரு கயிறும் வள்ளத்தைக் கரை சேர்க்கும். அந்த ஸ்பேனர் பையில் இல்லையென்றால் எத்தனை குதிரைசக்தி எஞ்சின் இருந்தும் பயன் இல்லை.

ஆகவே கடலுக்குப் போகும் பையில் இவை போதும்: 10, 12, 14, 17 ஸ்பேனர்கள், பிளக் ஸ்பேனர், சரியான பிளஸ் திருப்புளி, அகலமான பட்டைத் திருப்புளி, நோஸ் பிளேயர், கயிறு, இரண்டு பிளக், விசிறி நட்டுக்கான ஸ்பிளிட் பின் நாலைந்து. ஒவ்வொரு கருவியையும் ஒரு நூலால் பையோடு கட்டி வையுங்கள். கடலில் கை தவறினால் போனது போனதுதான். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பைக் கழுவுவது போல, கருவியையும் துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள்.

வெள்ளத்தில் நம் பங்கு

இப்போது நம் கட்டடத்துக்கு வருகிறேன். வெள்ளத் தண்ணீர் கடல் தண்ணீர் மாதிரி இல்லை. அதில் சேலை மிதக்கும், நைலான் கயிறு மிதக்கும், பாலித்தீன் பை மிதக்கும். இதெல்லாம் விசிறியில் சுற்றும். எஞ்சின் குளிரத் தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைக்கும். ஓடும் எஞ்சினின் பின்னால் ஒரு சின்னத் தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சின் சூடாகிக் கெட்டுவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீர் இல்லாமல் ஓடினால் சீக்கிரமே கருகிவிடும்.

அப்படி ஒரு வள்ளம் நம் வாசலில் நின்றால், முதல் மாடியில் இருந்து நாம் என்ன கொடுக்க முடியும்? டீ கொடுப்போம், அது நம் வழக்கம். கூடவே ஒரு நோஸ் பிளேயர், ஒரு கத்தி, 10 முதல் 17 வரை ஸ்பேனர், ஒரு பிளக் ஸ்பேனர், ஒரு டார்ச் கொடுக்க முடிந்தால் அந்த வள்ளம் அடுத்த தெருவுக்குப் போய் இன்னும் பத்துப் பேரை ஏற்றும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விசிறியில் கை வைக்கும் முன் எஞ்சினை அணைத்து, அவசர நிறுத்தக் கயிறு இருந்தால் அதையும் உருவிவிட வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். சங்கம் ஒரு பொது டூல்ஸ் பெட்டி வாங்க வேண்டும். பொருட்காட்சியில் விற்கும் நூறு உருப்படி செட் வேண்டாம். அதில் தொண்ணூறு நமக்குத் தேவைப்படாது, மீதிப் பத்தும் முதல் திருப்பிலேயே வாய் விரியும். எண்ணிக்கை குறைவாக, தரமாக வாங்குவோம்: 8, 10, 12, 13, 14, 17, 19 அளவில் ரிங் ஸ்பேனரும் ஆறுமூலை சாக்கெட்டும், 1, 2, 3 நம்பர் பிளஸ் திருப்புளி, ஒரு அகலப் பட்டைத் திருப்புளி, நோஸ் பிளேயர், ஆலன் கீ செட், 16-ம் 21-ம் பிளக் ஸ்பேனர், ஒரு கை இம்பேக்ட் டிரைவர், கம்பி பிரஷ், துருநீக்கி எண்ணெய். ஜெனரேட்டர் பேட்டரி முனைக்கும், மோட்டார் ரூமுக்கும், பிள்ளைகளின் சைக்கிளுக்கும் இதே பெட்டி போதும்.

பெட்டியை மோட்டார் ரூமில் வைக்க வேண்டாம். தண்ணீர் வந்தால் முதலில் மூழ்குவது அதுதான். முதல் மாடிப் படிக்கட்டுப் பக்கம் ஒரு அலமாரி போதும். சாவி காவலாளி அண்ணாச்சியிடம். ஒரு நோட்டில் எடுத்தவர் பெயர், ஃபிளாட் எண், எடுத்த நேரம், திரும்ப வைத்த நேரம். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அலமாரிப் பலகையில் பெயிண்டால் வரைந்துவிட்டால், எது வரவில்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். குறிப்பாகப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை இரண்டாக வாங்குங்கள். எந்தப் பட்டறையிலும் முதலில் காணாமல் போவது அதுதான்.

ஐப்பசி மழைக்கு முன் இது நடந்தால் நல்லது. செயற்குழு விலை விசாரித்து அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். விருப்பம் உள்ளவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங்குக்கு வந்தால், எந்தத் தலைக்கு எந்தக் கருவி என்று நம் பைக்குகளை வைத்தே காட்டித் தருகிறேன். பெண்களும் பிள்ளைகளும் அவசியம் வாருங்கள். திருப்புளி பிடிக்கத் தேவை பலம் இல்லை, பொருத்தம்.